வேட்டியும் எஸ்லோன் பைப்பும்: ஆள்படத்துக்கு வீட்டிலேயே ஒளிக்கருவி செய்தல்

வன்னியில் ஆள்படம் எடுக்கிறவருக்கு வெளிச்சம் போதவில்லை என்ற குறை பகலில் வராது. வருகிற குறைகள் வேறு. காலை ஒன்பது மணிக்கே வெய்யில் சுள்ளென்று ஏறிவிடும், கண்குழி இருண்டுவிடும், முற்றத்துச் செம்மண்ணின் நிறம் நாடிக்குக் கீழே அடிக்கும், நீலத் தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குள் இருத்தினால் நெற்றி நீலம் பாரிக்கும். ஆகையால் இங்கே கருவி செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான்: முதலில் வெளிச்சத்தை மறைக்க, அடுத்ததாக அதைப் பரப்ப, கடைசியில்தான் புதிதாக உண்டாக்க. கூடுதலானவர்கள் தலைகீழாக ரிங் லைற் வாங்குவதில் தொடங்குகிறார்கள். கண்மணிக்குள் ஒரு வெள்ளை வளையமும் தட்டையான முகமும்தான் மிச்சம்.

எல்லாக் கருவிக்கும் அடிப்படையாக இரண்டு விதிகள் உள்ளன. நிழலின் ஓரம் மென்மையாக விழுவதா, வெட்டினாற்போல விழுவதா என்பதைத் தீர்மானிப்பது வாட் அல்ல. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். 4 அடி அகலமான திரை 4 அடி தூரத்தில் நின்றால் ஒளி மென்மை. அதே திரையை 15 அடிக்குத் தள்ளினால் அதுவும் சின்ன விளக்குத்தான். இரண்டாவது, சிறிய விளக்கின் தூரத்தை இரட்டித்தால் முகத்தில் விழும் ஒளி கால்வாசியாகும், அதாவது 2 ஸ்டொப் குறையும் (ஒளி பாதியாவது 1 ஸ்டொப்). பெரிய திரையைக் கிட்ட வைக்கும்போது குறைவு இவ்வளவு கடுமையாக இராது. என்றாலும் கிட்ட வைத்தால் கூடும், தள்ளி வைத்தால் குறையும் என்பது மாறாது. ஆளை இருத்த முன்னர் கதிரையில் ஒரு முட்டையை வைத்து எடுத்துப் பாருங்கள். முட்டையில் வெளிச்சம் இருளாக மாறும் இடம் கோடாகத் தெரிந்தால் ஒளி கடினம். எங்கே மாறியது என்று சொல்ல முடியாவிட்டால் மென்மை. முகத்தைப் போல முட்டை வேர்க்காது, சலிக்காது.

வாசலும் கறுப்புத் துணியும்

செலவில்லாத முதல் ஸ்ரூடியோ வீட்டு வாசல். நேர் வெய்யில் விழாத கதவு வேண்டும்: காலமை மேற்குப் பக்கம், பின்னேரம் கிழக்குப் பக்கம். வடக்கு வாசல்தான் எப்போதும் நல்லது என்று படப்பிடிப்புப் புத்தகங்கள் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் வன்னிக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். தாழ்வாரம் கதவைக் காத்தாலும், வடக்கு முற்றம் முழுக்க வெய்யிலில் கிடந்து வெளிச்சத்தைக் கீழிருந்து உள்ளே எறியும். வெண்மணல் கிடக்கும் முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் இது இன்னும் மோசம். கீழிருந்து வரும் ஒளி நாடி, மூக்குத்துளை, மேலிமை மூன்றையும் தூக்கிக் காட்டும். எவருக்கும் அது அழகு தராது.

இதற்கு மருந்து லேசு. வாசலுக்கு முன்னால் 6 அடிக்கு 6 அடி நிலத்தில் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த மண் கறுத்துப்போய்த் திருப்பி எறியும் ஒளி நன்றாகக் குறையும். வெய்யிலில் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பதால் நனைத்த சாக்கு விரிப்பது இன்னும் நல்லது. ஆளைக் கதவுநிலையிலிருந்து 2 அல்லது 3 அடி உள்ளே இருத்தி, உடம்பைக் கதவுக்குப் பாதி சாய்வாகவும் முகத்தைக் கதவை நோக்கியும் திருப்புங்கள். உள்ளே எரியும் மின்குமிழ்களை எல்லாம் அணையுங்கள். கமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறத்தைச் சரிப்படுத்தும் வசதி) 'நிழல்' என்ற குறியில் வைத்தால் வான்நீலம் சரிப்படும்.

அடுத்தது கறுப்புத் துணி. 2 யார் மங்கல் கறுப்புப் பருத்தித் துணி, கிடைத்தால் வெல்வெட். முகத்தின் இருட்டுப் பக்கத்தில், படத்துக்குள் வராதபடி, 2 அடி தூரத்தில் கதிரை முதுகில் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சுவர் திருப்பி அனுப்பும் ஒளியை அது விழுங்க, கன்ன எலும்பு எழும்பித் தெரியும். கறுப்புத் தறப்பாளும் கறுப்புப் பொலித்தீனும் இதற்கு உதவா. மினுங்கும் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும்.

நாற்றுமேடைக்குக் கட்டுகிற நிழல் வலையைப் பலர் இந்த வேலைக்கு நினைப்பதில்லை. உண்மையில் அளவு எழுதியே விற்கப்படும் ஒளிக்கருவி அது: 50 வீத வலை 1 ஸ்டொப்பைக் குறைக்கும், 75 வீத வலை 2 ஸ்டொப்பை. ஒளியை மென்மையாக்காது, குறைக்க மட்டும் செய்யும். கறுப்பு வலைதான் வேண்டும். பச்சை வலை முகத்தில் பச்சை அடிக்கும். நிழல் வலைக்கு வேலை பின்னணியில்தான் கூட. ஆளுக்குப் பின்னால் 6 அடி தள்ளி வலையை இறுக்கிக் கட்டினால் அதற்கப்பால் உள்ள வெய்யில் வயலும் வானமும் 1 ஸ்டொப் தணியும். எஃப் 2.8 அல்லது அதற்கும் திறந்த வில்லைத் துளையில் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) வலைக்கண் கரைந்துபோகும்; எஃப் 8 என்றால் வலை அப்படியே தெரியும்.

வேட்டித் திரை

நாலு முழ வேட்டி ஏறத்தாழ 72 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் வரும். சட்டத்தை அதற்கு ஏற்றாற்போல 66க்கு 42 அங்குலமாக அமைத்தால், நாலு பக்கமும் 3 தொடக்கம் 4 அங்குலம் மடித்துச் சுற்ற மிஞ்சும். கரை இந்த மடிப்புக்குள் போய்விட வேண்டும். சிவப்புக் கரையோ பச்சைக் கரையோ வெளிச்சம் போகும் பரப்பில் இருந்தால் மூக்குக்கண்ணாடியில் கோடாகத் தெரியும்.

தேவையானவை: முக்கால் அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப் 21 அடி, எல்போ 4, ரீ 2, துணிக்கிளிப் 20. பைப்பில் 32 அங்குலத் துண்டு நாலும் 40 அங்குலத் துண்டு மூன்றும் வெட்டுங்கள். 32 அங்குலத் துண்டுகள் இரண்டிரண்டாக ரீயில் சேர்ந்து நீளப் பக்கமாகும். 40 அங்குலத் துண்டில் இரண்டு அகலப் பக்கம், மூன்றாவது இரண்டு ரீக்கும் நடுவே குறுக்குத் தடி. குறுக்குத் தடியை விட்டுவிட்டால் வேட்டியை இழுக்கும்போது நீளப் பக்கம் உள்ளே வளைந்து துணி தொய்யும். எல்லா மூட்டுக்கும் பசை பூச வேண்டாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நுனியை மட்டும் ஒட்டுங்கள். மற்ற நுனியை இறுக்கிச் செருகி, பொருத்தோடு சேர்த்து 4 மில்லிமீற்றர் துளையிட்டு ஆணி செருகுங்கள். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக அப்போதுதான் கழற்றலாம். துண்டுகளுக்கு இலக்கம் எழுதி வையுங்கள்.

வேட்டி பழசாக இருக்கலாம், ஆனால் நீலம் போட்டுத் தோய்த்ததாக இருக்கக்கூடாது. நீலம் முகத்துக்கு வரும். சவர்க்காரத் தூளில் உள்ள வெண்மையூட்டியும் வெய்யிலின் புறஊதாக் கதிரை நீல ஒளியாக்கும். சோதிக்கும் முறை: வெள்ளைச் சமநிலையை 'வெய்யில்' குறியில் பூட்டிவிட்டு, வெள்ளை றெஜிபோம் (தேர்மோகோல்) துண்டொன்றை நேர் வெய்யிலில் ஒருமுறையும் துணியின் கீழ் ஒருமுறையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் நாலைந்து தரம் அலசினால் நீலம் குறையலாம், வெண்மையூட்டி இலகுவில் போகாது. எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதையும் இதே படங்களில் கமராவின் அளவுமானி காட்டிவிடும். சாதாரண வேட்டி ஒரு மடிப்பில் 1 தொடக்கம் 1½ ஸ்டொப் எடுக்கும். நுளம்பு வலை ஒற்றையாகப் போட்டால் ஒன்றும் பரப்பாது. நாலாக மடித்தால்தான் வேலை செய்யும்.

வெய்யிலில் பிடிக்கும்போது திரை தலையிலிருந்து 2 அல்லது 3 அடிக்குள் இருக்க வேண்டும், தோள் இரண்டும் அதன் நிழலுக்குள் வர வேண்டும். முகம் 1½ ஸ்டொப் இருண்டதும் முகத்துக்குக் கமராவைச் சரிப்படுத்துவீர்கள். உடனே பின்னணி அதே அளவு வெளுத்துப்போகும். இதனால்தான் பாலை, வேம்பு, மா என்று ஏதாவதொரு மரநிழலைப் பின்னணியாகத் தேட வேண்டும், அல்லது மேலே சொன்ன கறுப்பு வலையைக் கட்ட வேண்டும். பின்னணி இருண்டால் சரி. இலை முகத்துக்குக் கிட்ட வந்தால் பச்சை வரும். வாழைத்தோட்டத்துக்குள் எடுத்த படங்களில் கழுத்து பச்சையாய் இருப்பது இதனால்.

காற்றை மறக்கக்கூடாது. இந்தத் திரையின் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் அதன் மேல் 12 கிலோவுக்குக் குறையாத தள்ளுவிசை விழும். சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் நிறுத்துதண்டில் திரையைக் கட்டுவது ஆளின் தலையில் போடுவதற்குச் சமம். இரண்டு பேர் கையால் பிடிக்கட்டும். ஆளில்லாவிட்டால் இரண்டு மூலைக்கும் கயிறு கட்டி முளையடியுங்கள். பலத்த காற்றென்றால் வாசலுக்குத் திரும்பிவிடுவதே புத்தி.

வீட்டுக்குள் நிறுத்த, 10 லீற்றர் பெயின்ற் வாளியில் பாதிக்குக் கொங்கிறீற் போட்டு (சீமெந்து 1, மணல் 2, சல்லி 3) நடுவில் 5 அடி இரும்புக் குழாயைத் தூக்குநூல் பார்த்து நிறுத்துங்கள். 5 லீற்றர் கொங்கிறீற் 12 கிலோ அளவில் நிற்கும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே வழுகும் சிறிய குழாய் ஒன்று வேண்டும். அளவுப் பெயரை நம்பாமல் கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பார்த்து வாங்குங்கள்; சுவர்த்தடிப்பு மாறினால் நுழையாது. 6 அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு நட்டும் போல்ட்டும் பூட்டினால் போதும். வாளியோடு 3 நாளாவது ஈரச்சாக்கு போட்டு விட்டுவையுங்கள்.

றெஜிபோம் தட்டு

குளிர்சாதனப் பெட்டியோடு வரும் றெஜிபோம் அல்லது மேடை அலங்காரத்துக்கு விற்கும் 1 அங்குலத் தட்டு. 4 அடிக்கு 2 அடியாக இரண்டு வெட்டி, நீளப் பக்கத்தை அகலமான துணி ரேப்பால் ஒட்டினால் புத்தகம் திறந்தாற்போல் தானாக நிற்கும். ஒரு முகத்தை வெள்ளையாக விட்டு மற்றதைக் கறுப்பாக்குங்கள். இங்கேதான் பலருக்குத் தட்டு பாழாகிறது: ஸ்பிறே பெயின்றும் ரயர் சொலூஷன் போன்ற பசையும் றெஜிபோமைக் கரைத்துக் குழிகுழியாக்கிவிடும். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்றும் வெள்ளைப் பசையும் மட்டும் பாவியுங்கள்.

வெள்ளி முகம் வேண்டுமென்றால் அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி, விரித்து, மட்டையில் ஒட்டுங்கள். கசக்காமல் ஒட்டினால் கண்ணாடிபோல ஒரே இடத்தில் கீற்றாக அடிக்கும். வெய்யிலை வெள்ளியால் முகத்துக்குத் திருப்பாதீர்கள். கண் கூசி ஆள் சுருங்கிப்போவார். பொன்னிறத் தாள் இங்கே தேவையே இல்லை, செம்மண் அந்த வேலையைக் கேட்காமலே செய்கிறது.

ரியூப் பெட்டி

இரவுக்கும் மாரிமழைக் காலத்துக்கும் ஒரு செயற்கை விளக்கு வேண்டும். ஹலஜன் விளக்கை மறந்துவிடுங்கள். அதன் சூட்டுக்கு மட்டையும் துணியும் தாங்கா, ஓலைக் கூரையுள்ள வீட்டில் நினைக்கவே கூடாது. எல்இடி 4 அடி ரியூப் (சட்டத்தோடு வருவது), 18 அல்லது 20 வாட், 6500 கெல்வின் (பகல் வெள்ளை), மூன்று. மூன்றும் ஒரே கம்பனி, ஒரே தொகுதியாக இருக்கட்டும். பெட்டியில் நிறக்காட்டல் சுட்டெண் (சிஆர்ஐ, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) எழுதியிருந்தால் 80க்குக் கீழ் வாங்காதீர்கள். 90 கிடைத்தால் தோலின் சிவப்பு உயிரோடு தெரியும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ரியூபை எரியவிட்டு அதன் முன் ஒரு பேனையை வேகமாக விசிறுங்கள். பேனை மங்கிய விசிறியாகத் தெரிந்தால் நல்லது. பத்துப் பேனையாகத் துண்டுதுண்டாகத் தெரிந்தால் அது துடிக்கிறது. நமது மின்சாரம் 50 ஹேட்ஸ், துடிப்பு செக்கனுக்கு 100. படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுவதன் காரணம் இதுதான். துடிக்கும் விளக்கோடுதான் வேலை என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 செக்கனில் வையுங்கள். 1/250க்குப் போனால் பட்டை நிச்சயம். ஜெனரேற்றரில் ஓடும்போது சுழற்சி நிலையாக இராது, அப்போது 1/50தான் பாதுகாப்பு.

6 மில்லிமீற்றர் பிளைவூட்டில் அடிப்பலகை 50க்கு 18 அங்குலம். ஓரத்திலிருந்து 3, 9, 15 அங்குலத்தில் கோடு போட்டு ரியூப்களைப் பூட்டுங்கள். சுற்றிவர 8 அங்குல உயரத்துக்குப் பிளைவூட் சுவர். உட்புறம் முழுக்க மங்கல் வெள்ளை எமல்ஷன், 2 பூச்சு. 8 அங்குலம் ஏன் என்றால், ரியூப்களுக்கிடையே உள்ள தூரத்தைவிடத் துணி தள்ளி இருந்தால்தான் மூன்றும் தனித்தனிக் கோடாகத் தெரியாமல் ஒரே பரப்பாகும். முன்பக்கத்துக்கு வேட்டித் துணி ஒரு மடிப்பு, வெல்க்றோவால். மேலும் கீழும் 1 அங்குலத் துளை நாலு நாலு. எல்இடிக்குச் சூடு பகை, அடைத்த பெட்டியில் ஆயுள் குறையும். துளைகளை நுளம்பு வலையால் மூட மறந்தால் முதல் மழைக்கே ஈசல் உள்ளே போய்த் துணியில் நிழலாக ஊரும்.

மூன்று ரியூபுக்கும் தனித்தனிச் சுவிச் போடுங்கள். மலிவான டிம்மர் வேண்டாம், அது துடிப்பை உண்டாக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எரித்தாலே 1½ ஸ்டொப் அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம். வயர் 0.75 சதுர மில்லிமீற்றர் போதும். மூன்றும் சேர்ந்து 60 வாட்தான், 230 வோல்ற்றில் கால் அம்பியருக்குச் சற்றுக் கூட. ஆனால் 13 அம்பியர் பிளக்கோடு வரும் பியூசும் 13 அம்பியர்தான். அதைக் கழற்றி 3 அம்பியர் போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வயர் முட்டினாலும் பியூஸ் போக முன்னர் வயர் உருகக்கூடும். உலோகச் சட்டம் என்றால் எர்த் வயர் கட்டாயம். வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இழுவை தாங்கும் கவ்வி பூட்டுங்கள். டிரிப் சுவிச் இல்லாத வீட்டில் இதை எரிக்க வேண்டாம். மின்வேலை பழக்கமில்லையென்றால் பெட்டியை மட்டும் நீங்கள் செய்து, வயரிங்கைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெட்டி முகத்திலிருந்து 4 அடியில் நிற்க, ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) 800, எஃப் 4, 1/100 செக்கனில் தொடங்கலாம். துணியையும் ரியூபையும் பொறுத்து அரை ஸ்டொப் அப்படி இப்படி வரும். வீட்டுக்குள் மஞ்சள் குமிழ் ஒன்று எரிந்தாலும் முகத்தின் ஒரு பக்கம் மாம்பழ நிறமாகும், அணைத்துவிடுங்கள்.

பால்மா ரின், பேசின், பழைய பிளாஷ்

பின்னாலிருந்து தலைமயிரில் ஒரு கீற்று விழுத்த பால்மா ரின் போதும். அடியில் ஹோல்டருக்குத் துளை வெட்டி, 5 வாட் எல்இடி ஸ்பொட் குமிழைப் பூட்டி, உட்புறத்துக்குக் கரும்பலகைப் பெயின்ற் அடியுங்கள். அது மங்கல் கறுப்பு, மினுங்காது. ரின் உலோகம் என்பதால் எர்த் இதற்கும் வேண்டும். கீற்று இன்னும் ஒடுங்க வேண்டுமென்றால் கடதாசி உறிஞ்சுகுழாய்களை விட்டத்தின் 5 அல்லது 6 மடங்கு நீளத்துக்கு வெட்டி, உள்ளே கறுப்படித்து, வாயில் நெருக்கி அடுக்குங்கள். குழாய் நீண்டால் கீற்று ஒடுங்கும்.

16 அங்குல அலுமினியப் பேசின் பிளாஷுக்குப் பொருத்தம். அடிநடுவில் பிளாஷ் தலை நுழையும் அளவுக்கு வெட்டி, 3 நீளத் திருகாணியில் 4 அங்குல சில்வர் மூடியை 2½ அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். நேரே வரும் ஒளியை மூடி தடுத்துப் பேசினுக்குத் திருப்பும். உள்ளே மங்கல் வெள்ளை. 2 அடி தூரத்துக்குள் வைத்தால்தான் பயன். 6 அடியில் அது வெறும் பிளாஷ்.

பழைய பிளாஷ் கிடைத்தால் கமராவில் மாட்ட முன்னர் அதை ஏற்றிவிட்டு, அடியிலுள்ள நடுமுனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்ற்றிமீற்றரை வையுங்கள். சில பழைய பிளாஷ்களில் 200 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். டிஜிற்றல் கமராவின் சுற்றைச் சுட்டுவிடும். 6 வோல்ற்றுக்குள் என்றால் பயமில்லை. கூட இருந்தால் கமராவில் பூட்டாமல் வயரில்லா ரிகரில் (பிளாஷைத் தள்ளி நின்று அடிக்கவைக்கும் கருவி) பாவியுங்கள், அந்த ரிகர் எத்தனை வோல்ற் தாங்கும் என்று பார்த்து. எந்தப் பிளாஷையும் உடைத்துத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள மின்தேக்கி 300 வோல்ற் அளவில் நிற்கும், பற்றரி கழற்றிய பிறகும்.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு 12 வோல்ற் எல்இடி பட்டி. நேர்மின்னோட்டம் என்பதால் துடிப்பில்லை. 12 வோல்ற் 7 அம்பியர்மணி பற்றரியில் 84 வாட்மணி இருக்கிறது. பாதிக்கு மேல் இறக்கினால் ஈயப் பற்றரி கெடும் என்பதால் 20 வாட் பட்டிக்கு 2 மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். 5 மீற்றர் பட்டிக்கு ஒரு நுனியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மற்ற நுனி மங்கும், இரு நுனியிலும் கொடுங்கள். அலுமினியப் பட்டையில் ஒட்டினால் சூடு இறங்கும்.

முகத்தில் வைக்கும்போது

பெட்டியையோ திரையையோ முகத்துக்கு 45 பாகை பக்கவாட்டில், அதன் கீழ் ஓரம் நாடி மட்டத்தில் நிற்கும்படி வையுங்கள். கண்மணியின் மேற்பாதியில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் உயரம் சரி. விழாவிட்டால் விளக்கு அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது. மற்றப் பக்கம் றெஜிபோம், 2 அடியில். நிழல் ஆழமாக வேண்டுமென்றால் தள்ளுங்கள். இரண்டாவது விளக்கை அதே பலத்தில் எதிர்ப்பக்கம் வைக்காதீர்கள், மூக்குக்கு இரண்டு நிழல் விழும். மூக்குக்கண்ணாடியில் வெள்ளைச் சதுரம் தெரிந்தால் விளக்கை உயர்த்தி, கண்ணாடிக் காலைக் காதில் சற்றே தூக்கிவிடுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சீருடைதான் கடினமான வேலை. தானியங்கி அளவுமானி வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் கறுத்துப்போகும். ஒளியளவை +⅔ தொடக்கம் +1 ஸ்டொப் வரை ஏற்றினால் முகம் சரி, சட்டை வெளுத்துப்போகும். இங்கே நிழல் வலை திரும்பவும் கைகொடுக்கும். ரியூப் பெட்டியின் கீழ்ப்பாதியில் 50 வீத வலையைத் தொங்கவிட்டு, பெட்டியைச் சற்று உயர்த்தினால், சட்டைக்குப் போகும் ஒளி குறையும், முகத்துக்கு அவ்வளவாகக் குறையாது. வேட்டி சால்வையோடு இருக்கும் ஐயாமாருக்கும் இதே ஏற்பாடுதான். திருநீறு பூசிய நெற்றிக்கு விளக்கை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள். முன்னாலிருந்து அடித்தால் மூன்று குறியும் கலந்து ஒரே வெள்ளையாகிவிடும்.

சாமத்தியவீட்டுப் படங்களில் முகத்தைவிட நகை பாடுபடுத்தும். பொன் தன்னைச் சுற்றியிருப்பதைத்தான் காட்டும். அறை இருட்டாக இருந்தால் அட்டியல் கறுத்துத் தெரியும். விளக்கைக் கூட்டுவதால் தீராது. வேட்டித் திரையை ஒரு பக்கமும் றெஜிபோமை மறுபக்கமும் மடிக்குக் கீழே வெள்ளைத் துணியும் வைத்தால் நகை பொன்னாகத் தெரியும். முகத்துக்கு நல்லதென்று வைத்த கறுப்புத் துணியை இந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். வேர்வை மினுக்கத்துக்குப் பவுடர் அப்பாமல் ரிஷ்யூவால் ஒற்றுங்கள். பெரிய திரையின் கீழ் மாநிறத் தோலில் மெல்லிய மினுக்கம் அழகுதான், முழுவதையும் ஒற்றி எடுக்கத் தேவையில்லை.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள், அழகூட்டும் வசதியை அணையுங்கள், 2 மடங்கு வில்லைக்கு மாறி 5 அடி பின்னால் நில்லுங்கள். அகல வில்லையில் கிட்டப் போனால் மூக்கு பெருக்கும். இந்தக் கருவிகளால் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அது செல்லாது. அவற்றுக்குப் பதிவு பெற்ற ஸ்ரூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் வேட்டியை நீலமும் கஞ்சியும் போடாமல் தோய்த்துச் சுருட்டி வையுங்கள்; மடித்தால் மடிப்புக்கோடு திரையில் நிழல் காட்டும். பிளைவூட் பெட்டியை மண்ணிலோ சுவரிலோ முட்ட வைக்காதீர்கள், கறையான் ஏறும். கல்லின் மேல் தூக்கி வைத்து, பாவிக்காத மாதங்களில் இடைக்கிடை எடுத்து எரித்துப் பாருங்கள். எலி வயரைக் கடித்திருந்தால் அப்போது தெரியவரும், ஆனால் பிளக்கைக் குத்த முன்னர் வயர் முழுவதையும் கண்ணால் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.